உதவி தேவை: ‘கொஞ்சம்’, ‘ஓரளவு’ இரண்டையும் நோயாளிகள் ஒன்றாகவே கொள்கிறார்கள்

கேள்வி

வணக்கம். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோருக்கான வாழ்க்கைத்தர வினாத்தாள் ஒன்றை, உரிமையாளரின் அனுமதியுடன் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி வருகிறோம். இருவர் தனித்தனியே மொழிபெயர்த்ததை ஒப்பிட்டு ஒரே வடிவமாக்கினோம். மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்கியபோது குறை எதுவும் தென்படவில்லை.

சிக்கல் நோயாளிகளிடம் சோதித்தபோதுதான் வெளிப்பட்டது. விடைகள் நான்கு: ‘இல்லவே இல்லை’, ‘கொஞ்சம்’, ‘ஓரளவு’, ‘மிக அதிகம்’. வலியால் இரவெல்லாம் விழித்திருந்த பெரியவர் ஒருவர் ‘கொஞ்சம்’ என்று குறித்தார். ‘ஓரளவு’ என்று குறித்த அம்மாவிடம் காரணம் கேட்டபோது, “ஓரளவு தாங்கிக்கலாம்ங்க, அதான்” என்றார். மதிப்பெண் கணக்கில் அந்த அம்மாவுக்கே வலி அதிகம் என்று வருகிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

பதில் 1

குறை உங்கள் நோயாளிகளிடம் இல்லை, சொல்லில் இருக்கிறது. ‘ஓரளவு குணமாகிவிட்டது’ என்னும்போது ஓர் எல்லைக்குட்பட்டது என்ற பொருளே முன்னால் நிற்கிறது. மூலத்தின் மூன்றாவது விடையோ பாதியைத் தாண்டிய அளவைக் கேட்கிறது. மீண்டும் ஆங்கிலமாக்கியவர் நான்கு சொற்களையும் வரிசையாகப் பார்த்ததால், மூன்றாவது இடத்துக்குரிய பொருளைத் தாமாகவே ஊகித்திருப்பார். மருத்துவப் பொருளாதாரத்தையும் சிகிச்சை விளைவுகளையும் ஆராயும் பன்னாட்டு அமைப்பான இஸ்போரின் (ISPOR) பணிக்குழு, இத்தகைய வினாத்தாள்களை மொழிபெயர்ப்பதற்காக 2005-இல் வெளியிட்ட 10 படிகளில், பின்மொழிபெயர்ப்பு (மீண்டும் மூலமொழிக்கே மாற்றிப் பார்ப்பது) முடிந்த பிறகும் நோயாளிகளிடம் கேட்டறிவது தனிப் படியாக இருப்பது இதனால்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் தன் வாழ்க்கைத்தர வினாத்தாளைப் பல மொழிகளில் உருவாக்கியபோது கையாண்ட வழி உங்களுக்கு உதவும். 10 செ.மீ. கோடு ஒன்றை வரைந்து, ஒரு முனையில் மிகக் குறைந்த விடையையும் மறுமுனையில் மிக உயர்ந்த விடையையும் எழுதி, இடைப்பட்ட அளவைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லும் எங்கே விழும் என்று மக்களையே குறிக்கச் செய்தார்கள். ஐந்து விடைகள் என்பதால் 25, 50, 75 விழுக்காட்டை ஒட்டி விழுந்த சொற்களைத் தேர்ந்தார்கள். உங்களுடையவை நான்கு; 1, 2, 3, 4 என்று சம இடைவெளியில் மதிப்பெண் தருகிறீர்கள் என்றால், மூன்றில் ஒரு பங்கிலும் மூன்றில் இரண்டு பங்கிலும் விழும் சொற்களைத் தேடுங்கள். ‘ஓரளவு’, ‘அதிகம்’, ‘நிறைய’, ‘கணிசமாக’ எல்லாவற்றையும் தனித்தனிக் கோட்டில், வரிசை மாற்றிக் கொடுங்கள்.

பதில் 2

அவசரத்தில் ஐந்தாவது விடையைச் சேர்த்துவிடாதீர்கள். பிறமொழி முடிவுகளோடு ஒப்பிட முடியாமல் போகும். சொல்லை மாற்றுவதானாலும் உரிமையாளரிடம் காரணத்தோடு எழுதி ஒப்புதல் பெறுங்கள்.

ஒன்று கேட்கிறேன்: உடல் அசதிக்குச் ‘சோர்வு’ என்றும் மனநிலைக்கு ‘மனச்சோர்வு’ என்றும் போட்டிருக்கிறீர்களா? எங்கள் பணியில் பலர் இரண்டுக்கும் ஒரே விடையைத் தந்தார்கள். முதலாவதைக் ‘களைப்பு’ என்று மாற்றியதும் விடைகள் பிரிந்தன.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பதினைந்து பேரிடம் கோட்டைக் கொடுத்துப் பார்த்தோம். ‘ஓரளவு’ பெரும்பாலும் 4 செ.மீ.க்குள்ளேயே, ‘கொஞ்சம்’ என்பதை ஒட்டியே விழுந்தது. ‘அதிகம்’ 7 செ.மீ. அருகில் நின்றது. ‘கணிசமாக’ என்பதன் பொருளையே ஐவர் கேட்டார்கள். ‘கொஞ்சம்’, ‘அதிகம்’, ‘மிக மிக அதிகம்’ என்று மாற்றி, கோடுகளின் அளவீடுகளோடு உரிமையாளருக்கு அனுப்பியிருக்கிறோம். சோர்வு பற்றி நீங்கள் சொன்னது எங்கள் தாளிலும் அப்படியே இருக்கிறது. அடுத்த நேர்காணல்களில் ‘களைப்பு’ என்று கேட்கப்போகிறோம்.