ட்ரெய்லருக்கு ஏற்ற கேம்ப் சைட்: அப்பச்சி, ஆத்தாவோடு கிளம்பும் முன்

தம்பி, காரைக்குடியிலிருந்து அப்பச்சியும் ஆத்தாவும் அமெரிக்கா வரும்போது ட்ரெய்லரில் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி) ஊர் சுற்றிக் காட்டணும்னு கேட்டீங்க. நல்ல யோசனை. சைட், அதாவது வண்டியை நிறுத்தித் தங்கும் இடம், புக் பண்றதுக்கு முன்னாடி டேப் எடுத்து வண்டியை அளந்துடுங்க. மாடல் பேரில் இருக்கிற எண்ணை நம்பாதீங்க. 26 என்று போட்டிருக்கும் வண்டி, ஹிட்ச் (காரோடு மாட்டும் முன் இணைப்பு) நுனியிலிருந்து பின் பம்பர் வரை 30 அடி வரலாம். இழுக்கிற காருக்கும் நிற்க இடம் வேணும்.

அமெரிக்க அரசுப் பூங்கா சைட்களை புக் பண்ணும் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் சைட் வாரியாக நீளம் போட்டிருக்கும். அது ட்ரெய்லருக்கா, மோட்டார்ஹோமுக்கா (இன்ஜினோடு தானே ஓடும் வீட்டு வண்டி) என்று பாருங்க. யோசெமிட்டி தேசியப் பூங்காவின் அப்பர் பைன்ஸ் கேம்ப்பில் மோட்டார்ஹோமுக்கு 35 அடி, ட்ரெய்லருக்கு 24 அடிதான். நீளம் சரியா இருந்தாலும் எதிரே மரமோ பாறையோ நின்றால் வண்டியை வளைச்சு உள்ளே விட முடியாது. அதனால் சைட் போட்டோவையும் சாட்டிலைட் படத்தையும் பார்த்துடுங்க. ஸ்லைடு அவுட் (பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதி) இருந்தால் அது வெளியே வர அந்தப் பக்கம் 3, 4 அடி காலியா இருக்கணும்.

புதுசா ஓட்டுறவங்களுக்கு புல் த்ரூ சைட்தான் நல்லது. நம்ம செட்டிநாட்டு வீடு மாதிரி ஒரு தெருவில் நுழைஞ்சு அடுத்த தெருவில் வெளியே வந்துடலாம். ரிவர்ஸில் நுழையும் பேக் இன் சைட்தான் கிடைக்குதா? சைட் உங்க இடது கைப் பக்கம் வர்றதா எடுங்க. இங்கே டிரைவர் சீட் இடப்பக்கம் என்பதால் ரிவர்ஸ் போகும்போது ட்ரெய்லரின் பின்மூலை உங்க கண்ணிலேயே இருக்கும்.

அடுத்தது கரண்ட். 30 ஆம்ப் இணைப்பில் 120 வோல்ட், மொத்தம் 3600 வாட்தான். ஏசி சுமார் 1500, இன்டக்‌ஷன் அடுப்பு 1800. இந்த ரெண்டு ஓடும்போது வாட்டர் ஹீட்டரையும் கரண்டில் போட்டால் பிரேக்கர் விழுந்துடும். ஹீட்டரை கேஸுக்கு மாத்துங்க, பணியாரத்தையும் கேஸ் அடுப்பில் ஊத்துங்க. ஊர் மிக்ஸி 230 வோல்ட், அங்கே ஓடாது. மசாலாவை வீட்டிலேயே அரைச்சு எடுத்துக்குங்க. தேசியப் பூங்கா சைட் பெரும்பாலானதில் கரண்ட், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு எதுவுமே கிடையாது. வயசானவங்களோட போறதால் மூணும் சேர்ந்த ஃபுல் ஹூக்கப் இருக்கிற தனியார் இடமே வசதி. நம்ம சமையலில் அரிசி களைஞ்ச தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி என்று கிரே டேங்க் (சமையல், குளியல் கழிவுநீர்த் தொட்டி) சீக்கிரமே நிரம்பும். காலி பண்ணும்போது முதலில் பிளாக் டேங்க் (கழிப்பறைக் கழிவுத் தொட்டி), பிறகு கிரே. அந்தத் தண்ணியே குழாயைக் கழுவிடும்.

தரை சரிவாக இருந்தால் ஹிட்ச்சைக் கழட்டும் முன்னாடியே தாழ்ந்த பக்கச் சக்கரத்தைக் கட்டை மேல் ஏத்தி இடவலம் சமன் பண்ணிடுங்க. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்த பிறகுதான் ஹிட்ச்சில் கை வைக்கணும். முன்பின் சமனை ஜாக்கால் கடைசியில் சரி பண்ணலாம். வண்டி சாய்ந்து நின்றால் கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் சரியா குளிராது, உள்ளே வைத்த மாவு பொங்கிப் புளிச்சுடும்.