ஜி கம்பி மட்டும் சுருதியில் நிற்க மாட்டேன் என்கிறது

முத்துநகர்:
வணக்கம். தூத்துக்குடியில் ஞாயிறு காலைப் பூசைக்குக் கொயரில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். பத்து நாள் முன்பு மெல்லிய கம்பிகள் கொண்ட 10 செட்டைக் கழற்றிவிட்டு, தடித்த 12 செட் போட்டேன். சத்தம் நன்றாகக் கனத்துவிட்டது, ஆனால் ஜி கம்பி உயிரை வாங்குகிறது. ட்யூனரில் பச்சை வரும்வரை வைப்பேன். இரண்டு பாட்டு முடிவதற்குள் இறங்கிவிடும். கம்பியை முறுக்கும் கீயைத் திருப்பும்போது முதலில் முள் அசையாது, அப்புறம் 'டிக்' என்று ஒரு சத்தம், உடனே எகிறிவிடும். புது கீ வாங்க வேண்டுமா? இன்னொன்று, ஆறு கம்பியும் பச்சை காட்டினாலும் ஈ மேஜர் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடித்தால் ஜி கம்பி ஏறி ஒலிக்கிறது. எனக்கு மட்டும்தான் இப்படிக் கேட்கிறதா?

பழைய மரம்:
தம்பி, கீ வாங்காதீர்கள். அந்த 'டிக்'தான் விஷயம். கம்பி நட்டின் (கழுத்தின் மேல் நுனியில் கம்பிகள் உட்காரும் சிறு பட்டை) பள்ளத்தில் சிக்குகிறது. 10 செட்டுக்கு வெட்டிய பள்ளத்தில் தடித்த கம்பி உட்கார்ந்தால் இப்படி ஆகும். அதிலும் பக்கத்துக்கு மூன்று கீ உள்ள தலையில் டி, ஜி கம்பிகள்தான் நட்டைத் தாண்டியதும் அதிகமாக வளைகின்றன.

எகிறியதும் கொஞ்சம் தளர்த்திப் பச்சைக்குக் கொண்டுவருகிறீர்கள், இல்லையா? அந்தத் தளர்வு நட்டுக்கும் கீக்கும் நடுவிலேயே தங்கிவிடுகிறது. நாலு முறை ஓங்கி மீட்டியதும் அது நட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து சுருதியை இறக்குகிறது. கம்பியைத் தளர்த்திப் பள்ளத்திலிருந்து தூக்குங்கள். 2பி பென்சில் முனையைப் பள்ளத்தில் நன்றாகத் தேயுங்கள். கம்பியைத் திரும்ப வைத்து, விரலால் மெதுவாக இழுத்துவிட்டு, சுருதி வையுங்கள். தாண்டிவிட்டால் நன்றாகக் கீழே இறக்கி மறுபடி ஏறி வாருங்கள். கடைசித் திருப்பு எப்போதும் ஏற்றமாகவே இருக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் பள்ளத்தை அகலப்படுத்த ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுங்கள். நீங்களே அரம் பிடிக்க வேண்டாம், பள்ளம் ஆழமாகிவிட்டால் விரல் வைக்காத கம்பி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) பட்டு இரையும்.

தம்புரா வீடு:
உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது. ஈ மேஜரில் ஜி கம்பியின் முதல் ஃப்ரெட், ஈ-யை சட்ஜமாக வைத்தால் அந்தர காந்தாரம். தம்புராவின் மந்தர சட்ஜத்திலிருந்து தானாக எழும் காந்தாரத்தைவிட, கிட்டாரின் சம இடைவெளி ஃப்ரெட்டுகளில் அது சுமார் 14 சென்ட் ஏறியிருக்கும். அரைச்சுரம் 100 சென்ட் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது உறுத்தும். அதற்காக ஜி கம்பியை இறக்கினால் அடுத்து வரும் சி மேஜரில் அதே கம்பி பஞ்சமம், அது கெட்டுப்போகும். எனக்கும் இதைப் பழகிக்கொள்ள நாளாயிற்று.

பழைய மரம்:
உண்மை. ஆனால் நட் உயரத்தையும் பாருங்கள். மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே முடி நுழையும் இடம் போதும். அதற்கு மேல் இருந்தால் முதல் ஃப்ரெட்டில் விரல் வைத்ததுமே சுருதி ஏறும். அப்புறம், உங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு வாசித்ததும் கம்பிகளை, அடிப்பக்கமும் சேர்த்து, காய்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

முத்துநகர்:
பென்சில் தேய்த்தேன், 'டிக்' நின்றுவிட்டது! இன்று வருகைப் பாடலுக்கு வைத்த சுருதி நன்றிப் பாடல் வரை அசையவில்லை. மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திப் பார்த்தால் முதல் ஃப்ரெட்டில் விசிட்டிங் கார்டே தாராளமாக நுழைகிறது. நாளை நட்டை இறக்கக் கொடுக்கிறேன்.