அப்டேட்: ஸ்பியர்கன் கட்டைக்கு கடைசியா தேக்கும் எபாக்ஸியும்

போன மாசம் சொந்தமா மர ஸ்பியர்கன் (தண்ணிக்குள்ள ரப்பர் விசையில ஈட்டி எய்து மீன் பிடிக்கிற துப்பாக்கி) செய்யப்போறேன், தேக்கா மஹோகனியா, கார்பென்டர் பசையா எபாக்ஸியான்னு (ரெண்டு பாகமா வர்றத கலந்து ஒட்டுற பிசின் பசை) கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இங்க சிட்னில பழைய தேக்கு மேஜை ஒண்ணு கிடைச்சுது, நல்லா காஞ்ச மரம், அதனால தேக்குதான்.

தேக்குல எண்ணெய் பசை இருக்கும்ல, அதுதான் உண்மையான பிரச்சனை. துண்டு மரத்துல ரெண்டு ஜாயின்ட் ஒட்டி ஒரு வாரம் உப்புத்தண்ணில போட்டேன், ஒண்ணு சும்மா ஒட்டினது, இன்னொண்ணு புதுசா தேய்ச்சு அசிட்டோன்ல துடைச்சு அது ஆவியானதும் உடனே ஒட்டினது. சுத்தியல்ல தட்டினா முதல் ஒண்ணு பசை கோட்டுலயே சுத்தமா விட்டுருச்சு, ரெண்டாவதுல மரமே கிழிஞ்சுது, அவ்ளோ வித்தியாசம்!

வாட்டர்ப்ரூஃப்னு விக்கிற கார்பென்டர் பசைய விட்டுட்டேன். அது மழைக்கு தாங்கும், ஆனா ரப்பர் இழுத்துக்கிட்டே இருக்கற இடத்துல மெதுவா நகரும், எப்பவும் தண்ணிக்குள்ள இருக்கறதுக்கும் ஆனதில்ல. ரிசார்சினால் அருமையான பசை, ஆனா ஜாயின்ட் துல்லியமா இருக்கணும், கிளாம்ப்பும் பலமா வேணும்.

எபாக்ஸிக்கு நேர் எதிர், ரொம்ப இறுக்கினா பசை மொத்தமும் வெளிய வந்து ஜாயின்ட் காஞ்சு போயிடும், மெதுவா பிடிச்சா போதும். கட்டைக்கான மூணு தேக்குப் பட்டையையும் மர ரேகை மாத்தி மாத்தி வச்சு ஒட்டியாச்சு, வளையாம இருக்கறதுக்கு. ஒரு வாரம் கழிச்சு ஈட்டி ஓடுற பள்ளம் வெட்டணும். ஒண்ணு மட்டும், வெயில்ல நிக்கற கார்ல வைக்காதீங்க, சூட்டுல எபாக்ஸி இளகும்.