கலைச்சொல் தேவை (அவசரம்): சன்னல் கண்ணாடியின் ‘லோ-ஈ’ பூச்சு

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். வீட்டுச் சன்னல்களை ஆற்றல் சேமிக்கும் வகைக்கு மாற்ற நினைப்பவர்களுக்கான கையேடு, வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. இரட்டைக் கண்ணாடியின் இடைவெளிப் பக்கம் படியவைத்து, கதிர்வீச்சாக வெப்பம் கடப்பதைக் குறைக்கும் ‘லோ-ஈ’ (low emissivity) பூச்சைத் ‘தாழ் உமிழ்வுப் பூச்சு’ என்றும், சன்னல் வழியே வெப்பம் எவ்வளவு கடக்கிறது என்று காட்டும் ‘யூ-ஃபேக்டர்’ என்பதை ‘யூ காரணி’ என்றும் எழுதியிருக்கிறேன். தேறுமா?

புலவர்:
சன்னல் பற்றிய நூலில் ‘தாழ்’ என்றால் வாசகர் கை தாழ்ப்பாளைத்தான் தேடும். குறள் 71-இல் வரும் ‘அடைக்குந் தாழ்’ அதுவே. ‘உமிழ்வு’ என்றதும் உமிழ்நீர். ஆக, தாழ்ப்பாள் எச்சில் துப்புகிறது! ‘குறைகதிர்ப் பூச்சு’ என்க. முதலில் போர்ச்சுக்கீசியச் ‘சன்னலை’க் கழற்றுங்கள். சிலம்பின் ‘மான்கட் காலதர்’ நமக்கு இருக்கிறதே.

பொறியாளர்:
ஐயா, கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சட்டத்தைச் சுற்றிக் காற்று புகாமல் அடை என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லும் கையேட்டுக்கா காற்றுவழி என்று பெயர்?

‘உமிழ்’ போகக் கூடாது. சூடான கண்ணாடி எதிர்க் கண்ணாடிக்குக் கதிர்வீச்சாக வெப்பத்தை அனுப்பும். இடைவெளியில் ஆர்கான் வாயு நிரப்பினால் கடத்தல் குறையும், கதிர்வீச்சு குறையாது. அதற்குத்தான் கண்ணுக்குத் தெரியாத வெள்ளிப் படலம். வெறுங்கண்ணாடியின் உமிழ்திறன் (வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளிவிடும் திறன்) 0.84, பூசினால் 0.04-க்கும் இறக்கலாம். சரக்கே அந்த எண்ணில்தான் இருக்கிறது.

ஆசிரியை:
என் மாணவர்களுக்கு ‘உமிழ்வு’ என்றால் வண்டிப் புகை. ‘வெப்பமறிப் பூச்சு’ என்றால் பாட்டிக்கும் புரியும்.

பொறியாளர்:
புரியும், ஆனால் தப்பாகப் புரியும் அம்மா. வெயிலைத் தடுப்பது என்றே நினைப்பார்கள். குளிர்நாடுகளில் வெயிலை உள்ளே விட்டுவிட்டு அறைச் சூட்டை மட்டும் பிடித்துவைக்கும் பூச்சுக்கும் இதே பெயர். வெயில் எவ்வளவு நுழைகிறது என்பதற்குத் தனி எண்ணே உண்டு, 0 முதல் 1 வரை. ‘குறைகதிர்’ வினைத்தொகை வேறு. நாளாக நாளாகக் குறையுமா என்று கேட்பார்கள்.

புலவர்:
வினைத்தொகை முக்காலத்துக்கும் உரியது. பூச்சும் முக்காலமும் உழைக்கட்டுமே!

ஆசிரியை:
இருவரும் ‘யூ’வை மறந்துவிட்டீர்கள். ‘காரணி’ என்று போட்டால் மதிப்பெண் போலக் கூடினால் நல்லது என்பார்கள். இங்கே குறைந்தால்தானே நல்லது? ‘வெப்பக் கசிவெண்’ என்றால் பெயரே சொல்லிவிடும்.

பொறியாளர்:
அருமை. ஒற்றைக் கண்ணாடிக்குச் சதுர மீட்டர் கெல்வினுக்கு 5.7 வாட் அளவு. பூச்சும் ஆர்கானும் உள்ள இரட்டைக் கண்ணாடியின் நடுப்பகுதியில் 1.1 வரை இறங்கும். ஆனால் காற்றுக் கசிவு தனி அளவீடு. விவரச்சீட்டில் இரண்டு ‘கசிவு’ வந்தால் குழம்பும். ‘வெப்பக் கடப்பெண்’?

மொழிபெயர்ப்பாளர்:
‘குறையுமிழ்ப் பூச்சு’, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறியில் ‘லோ-ஈ’. ‘வெப்பக் கடப்பெண்’ இருக்கட்டும். வேறு மறுப்பு வராததால் அச்சுக்கு அனுப்புகிறேன். சன்னல் சன்னலாகவே போகிறது, ஐயா பொறுக்கவும்.

புலவர்:
‘குறையுமிழ்’ என்பதும் வினைத்தொகைதான், பொறியாளர் கவனிக்க. காலதர் காற்றோடு போகட்டும். பலகணிக்கு என்ன குறை? தனி இழை தொடங்குகிறேன்.