பால் காபி குடிக்கிற வீட்டுக்கு எஸ்பிரெஸோ மெஷின் தேவையா?

வெண்கல டவரா:
பதினொரு மாதம் வைத்திருந்த எஸ்பிரெஸோ மெஷினைப் போன வாரம் விற்றுவிட்டேன். நைசான தூளின் வழியே வெந்நீரை அழுத்தித் தள்ளிக் கெட்டிக் காபி இறக்குகிற மெஷின் அது. வாங்கலாமா என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன். பால் காபி குடிக்கிற வீட்டுக்கு அது வேண்டாம்.

மெஷின் 38,000 ரூபாய், கிரைண்டர் 16,000. ஒரு டபுள் ஷாட்டுக்கு, அதாவது ஒரு தடவை இறக்குகிற இரட்டை அளவுக் காபிக்கு, 18 கிராம் தூள் போகிறது. 250 கிராம் பை 500 ரூபாய் என்றால் 13 ஷாட்தான், பால் கணக்கு தனி. எங்கள் வீட்டில் ஆறு பேர். ஒரு ஷாட் இறக்கி, பாய்லர் ஆவி நிலைக்குச் சூடேறும்வரை காத்திருந்து, பால் நுரைத்து, மறுபடி பாய்லரைக் குளிரவிட்டு அடுத்த ஷாட். எல்லாருக்கும் கொடுத்து முடிக்க முக்கால் மணி நேரம். பில்டரில் ராத்திரியே தூள் போட்டு வெந்நீர் ஊற்றிவிட்டுப் படுத்தால், காலையில் பால் பொங்கியதும் ஆறு டம்ளரும் ஒரே சமயத்தில் தயார்.

ஒன்பது பார்:
ஆறு பேருக்கு சிங்கிள் பாய்லர் ஒத்துவராது, சரிதான். எங்கள் வீட்டில் இரண்டே பேர். நாலு வருஷமாக ஒரு நாளும் சுமையாகத் தெரியவில்லை. நீங்கள் என்ன தூள் போட்டீர்கள் சார்?

வெண்கல டவரா:
முதல் மாதம் எப்போதும் வாங்குகிற கடைத் தூள், 80க்கு 20 சிக்கரி. உள்ளே களி மாதிரி இறுகிக்கொண்டது, தண்ணீர் இறங்கவே இல்லை. அப்புறம்தான் கொட்டை வாங்கி அரைத்தேன். ஒரு நாள் 12 விநாடியில் கொட்டிப் புளித்தது, மறுநாள் 50 விநாடி இழுத்துக் கசந்தது.

ஒன்பது பார்:
அந்தப் புளிப்பும் கசப்பும்தான் நமக்கு வழி காட்டுவது. 18 கிராம் போட்டு 36 கிராம் திரவம் 25லிருந்து 30 விநாடிக்குள் வரவேண்டும். சீக்கிரம் வந்துவிட்டால் இன்னும் நைசாக அரைக்க வேண்டும், இழுத்தால் கொஞ்சம் பருமனாக. எடையை மாற்றாமல் அரைப்பை மட்டும் கிரைண்டர் அளவில் ஒரு கோடு நகர்த்திப் பாருங்கள், மூன்றாவது ஷாட்டில் பிடிபட்டுவிடும். மழைக்காலத்தில் என் கிரைண்டர் ஒரு கோடு தள்ளித்தான் நிற்கும்.

பெட்டியில் 15 பார் என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பி வாங்குகிறோம். அது பம்பின் உச்ச அழுத்தம். தூளின் மேல் 9 பார் விழுந்தால் போதும்.

அடியில்லாத போர்ட்டாபில்டரில் (தூள் போட்டு மெஷினில் மாட்டுகிற கைப்பிடிக் கிண்ணம்) ஒரு நல்ல ஷாட் இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஏழெட்டு விநாடி ஒன்றுமே தெரியாது. பிறகு சல்லடை முழுக்கக் கருஞ்சொட்டு முத்து முத்தாக அரும்பும். எல்லாம் நடுவில் கூடி எலிவால் தடிமனில் ஒரே இழையாக இறங்கும், கருப்பு மெல்லத் தேன் நிறமாக மாறும். தூளைச் சமமாகப் பரப்பாமல் அழுத்தியிருந்தால் ஓரத்திலிருந்து ஊசி போல் பீச்சி சட்டையில் அடிக்கும். காலையில் அந்த அரை நிமிடம் எனக்கு வேறு நினைப்பே இருக்காது.

போர் தண்ணீர்:
இரண்டு பேரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லையே. சென்னையில் போர் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். ஏழாம் மாதம் ஆவிக்குழாய் அடைத்துக்கொண்டது, கழற்றினால் உள்ளே முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்பு. அதற்காக வெறும் ஆர்ஓ தண்ணீரும் உதவாது, உப்பே இல்லாத நீரில் காபி சப்பென்று இருக்கும். இப்போது இரண்டையும் கலந்து ஊற்றுகிறேன். மாதம் ஒரு முறை தண்ணீரின் உப்பு அளவை மீட்டர் வைத்து அளந்தும் பார்க்கிறேன்.

வெண்கல டவரா:
பார்த்தீர்களா, இதைத்தான் சொல்கிறேன். காபி குடிக்க மீட்டர் வேண்டுமா? எனக்கு ஒரு ரப்பர் வளையம் தேய்ந்தது. சர்வீஸ் சென்டரில் மூன்று வாரம் காக்க வைத்தார்கள். பில்டரில் தேய என்ன இருக்கிறது? ஓட்டை அடைத்தால் அடுப்புத் தீயில் காட்டித் தட்டினால் முடிந்தது.

இன்னொன்று. 150 மில்லி பாலில் சர்க்கரையும் போட்டு ஆற்றிக் குடிக்கும்போது, நீங்கள் அரைக் கிராம் பார்த்துப் பிடித்த ருசி எங்கே தெரிகிறது? நம் காபியின் ருசி டிகாக்‌ஷன், சிக்கரி, நல்ல பால் மூன்றும் சேர்ந்தது. எஸ்பிரெஸோ இத்தாலிக்காரர்கள் நின்றபடி இரண்டு மடக்கில் குடிக்கிற பானம். அது அவர்களுக்கு.

மலைத்தோட்டம்:
அண்ணா, அந்த இத்தாலிக்காரர் கப்பில் நம் கொட்டை இருக்கிறது. இந்தியக் காபியை அதிகம் வாங்குகிற நாடு பல வருஷமாக இத்தாலிதான். குடகு, வயநாட்டு ரொபஸ்டா என்கிற காபி வகை அவர்களுடைய கலவையில் சேர்வதற்கு ஒரு காரணம், கிரீமா, அதாவது ஷாட்டின் மேல் படிகிற நுரை, கெட்டியாக நிற்பது. அந்த கிரீமாவும் ஆதியிலிருந்து வந்ததில்லை. 1901இல் பெஸேரா என்கிற இத்தாலிக்காரர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மெஷின் ஆவி அழுத்தத்தில் ஓடியது, அதில் இந்த நுரை கிடையாது. 1940களின் கடைசியில் காஜ்ஜியா என்கிற இன்னொரு இத்தாலிக்காரரின் லீவர் மெஷின் (கைப்பிடியை இழுத்து அழுத்தம் தருவது) வந்தபிறகுதான் கிரீமா பிறந்தது.

நான் தோட்டத்தில் வேலை செய்கிறவன். ஒரே கொட்டையை பில்டரிலும் மெஷினிலும் போட்டுக் குடித்திருக்கிறேன். பால் ஊற்றினாலும் வித்தியாசம் தெரியும், ஆனால் அதற்குக் கொட்டை வறுத்து ஒரு மாதத்துக்குள் இருக்கவேண்டும். வறுத்த தேதி போடாத பையை வாங்கிக்கொண்டு மெஷினைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

வெண்கல டவரா:
வறுத்த தேதியை நான் பார்த்ததே இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 54,000 ரூபாயை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒன்பது பார்:
நான் போட்ட பணத்தை மீட்டுவிட்டேன் சார். நானும் மனைவியும் வாரத்துக்கு நாலு நாள் கடையில் கப்புச்சினோ குடித்துக்கொண்டிருந்தோம், ஒன்று 220 ரூபாய். ஒரே வருஷத்தில் சரியாகிவிட்டது. கடைக்கே போகாத வீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதுவும் உண்மை.

கிரைண்டரையும் விற்றுவிட்டீர்களா?

வெண்கல டவரா:
இல்லை, அது இருக்கிறது. பீபெர்ரி கொட்டை (பழத்துக்குள் ஒற்றையாக விளைகிற உருண்டைக் கொட்டை) வாங்கி வந்து, எஸ்பிரெஸோவுக்கு வைத்திருந்ததைவிட நாலைந்து கோடு பருமனாக வைத்து பில்டருக்கு அரைக்கிறேன். சிக்கரியைத் தனியாகக் கலந்துகொள்கிறேன். மூடியைத் திறந்தால் கூடத்தில் இருக்கிற அம்மாவுக்கு மணம் எட்டுகிறது. கடைத் தூளுக்கு இனித் திரும்ப மாட்டேன்.

ஒன்பது பார்:
எத்தனை கிராமுக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? என் மாமியார் அடுத்த வாரம் வருகிறார், அவருக்கு டிகாக்‌ஷன்தான் வேண்டும்.