புதுப்பிப்பு: பொய்க்கால் குதிரையில் ராணி ஆகிவிட்டேன்

தை மாதம் இங்கே கேட்டிருந்தேன்: 43 வயது, திருவையாற்றில் கணக்கு எழுதும் வேலை, நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். பொய்க்கால் குதிரை கற்றுக்கொள்ள முடியுமா என்று. முடிந்தது.

முதல் 2 மாதம் வெறும் கட்டைதான். சுமார் 1 அடி உயரம், காலோடு துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். அதில் சும்மா நிற்க முடியாது. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். "நின்னா விழுந்துடுவே, ஆடும்மா" என்பார் வாத்தியார். அப்புறம்தான் தோளில் குதிரைக் கூடு ஏறியது. தஞ்சையில் மராட்டியர் காலத்தில் வளர்ந்த ஆட்டம் இது; ராஜா ராணி வேடம்தான் அதன் உயிர்.

வைகாசியில் எங்கள் தெரு மாரியம்மன் திருவிழா. நையாண்டி மேளத்தில் தவிலும் பம்பையும் வேகம் பிடித்ததும், அந்தக் கூச்சக்காரி எங்கே போனாளோ! ராணி கடிவாளத்தைச் சுண்டினாள், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள், சுழன்றாள். பாவாடைக் கண்ணாடியெல்லாம் டியூப்லைட்டில் மின்னியது.

"அக்கா, நீங்களா இது?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

நானேதான் என்றேன், சத்தமாக.

ஆடிக்கு அடுத்த ஊர்க் கோயிலில் ஆட வெற்றிலை பாக்கு வாங்கியாயிற்று.