ஜாவா புரோகிராமை ஜார் (எல்லாத்தையும் ஒரே ஃபைலா கட்டறது) ஆக்கினா தமிழ் எழுத்து கட்டம் கட்டமா வருது, அவசரம்

தாழ்வாரம்: ஐடிஇ-ல (கோடு எழுதற எடிட்டர்ல) ஓட்டினா எல்லாம் சரியா வருது. ஜார் ஆக்கி டெஸ்ட் மெஷின்ல ஓட்டினா மெனு, பட்டன் எதுலயும் தமிழ் வரல. ஃபைல் எல்லாம் ரிசோர்சஸ் ஃபோல்டர்லதான் இருக்கு. நாளைக்கு டெமோ. யாராவது சொல்லுங்க.

அரைப்புள்ளி: ஜாவா எந்த வெர்ஷன்? பில்ட் பண்றது மேவனா, கிரேடிலா? திரை வரையறது ஸ்விங்கா, ஜாவாஎஃப்எக்ஸா?

நெட்டெழுத்து: ஜாவா 8-ஆ இருக்கும். அதுல ரிசோர்ஸ் பண்டில் (மெனு, பட்டன் எழுத்தை ஏத்தற வசதி) ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலை ஐஎஸ்ஓ 8859-1-ஆதான் (தமிழ் இல்லாத லத்தீன் என்கோடிங்) படிக்கும். எல்லாத்தையும் யூனிகோட் எஸ்கேப்பா, அதாவது எழுத்தோட எண்ணா, மாத்துங்க. இல்லன்னா 9-க்குப் போயிடுங்க, அங்க எல்லாமே யூடிஎஃப்-8 (தமிழும் அடங்கற என்கோடிங்).

பழையகோடு: தலைப்பைக்கூடப் படிக்காம மருந்து எழுதுறீங்க. நீங்க சொல்ற ப்ராப்பர்ட்டீஸ் என்கோடிங்தான் காரணம்னா ஐடிஇ-லயும்ல கெட்டிருக்கணும்? தப்பா டிகோட் ஆனா மேல கோடு போட்ட லத்தீன் எழுத்துக் குப்பை வரும். வெளிய எழுதும்போது போனா கேள்விக்குறி வரும். கட்டம் வந்தா எழுத்து சரியாத்தான் வந்திருக்கு, ஃபான்ட் இல்லைன்னு அர்த்தம். இது தெரியாம டெமோ வேற. ஃபான்டை எப்படி ஏத்துறீங்க, எரர் வந்தா பிடிக்கற கேட்ச் பிளாக்ல என்ன இருக்குன்னு முதல்ல காட்டுங்க.

தாழ்வாரம்: ஜாவா 17, மேவன், ஸ்விங். ஃபான்டை சோர்ஸ் ஃபோல்டர் பாத் குடுத்து ஃபைலா திறக்கறேன். கேட்ச் காலி. டெஸ்ட் மெஷின்ல தமிழ் ஃபான்ட் கிடையாது.

அரைப்புள்ளி: அங்கதான் மாட்டுது. ஐடிஇ ப்ராஜெக்ட் ரூட்ல இருந்து ஓட்டுறதால அந்த பாத் கிடைக்குது. ஜாருக்குள்ள இருக்கறது ஃபைலே இல்ல, கிளாஸ்பாத் (ஜாவா தேடற இடம்) என்ட்ரி. கிளாஸோட கெட்-ரிசோர்ஸ்-ஆஸ்-ஸ்ட்ரீம்ல முன்னாடி ஸ்லாஷ் போட்டுக் குடுங்க. கிளாஸ்லோடர் வழியா எடுத்தா ஸ்லாஷ் போடக் கூடாது, போட்டா நல்தான் (ஒண்ணும் கிடைக்கலன்னு) வரும். பெரிய எழுத்து, சின்ன எழுத்தும் பாருங்க. விண்டோஸ் கண்டுக்காது, ஜார் விடாது. கேட்ச்ல ஸ்டாக் ட்ரேஸ் (எரர் எங்க வந்ததுங்கற விவரம்) பிரிண்ட் பண்ணுங்க.

பழையகோடு: நெட்டெழுத்து, 9-ல "எல்லாமே" யூடிஎஃப்-8 இல்ல. மாறினது ரிசோர்ஸ் பண்டில் மட்டும். ப்ராப்பர்ட்டீஸ் லோடுக்கு இன்புட் ஸ்ட்ரீம் (வெறும் பைட்) குடுத்தா இன்னிக்கும் 8859-1தான். ரீடர் (என்கோடிங் சொல்லித் திறந்தது) குடுக்கணும்.

நெட்டெழுத்து: 18-ல டிஃபால்ட் கேரக்டர்செட்டே யூடிஎஃப்-8 ஆயிடுச்சே?

பழையகோடு: அது கேரக்டர்செட் சொல்லாத இடத்துக்கு. இங்க மெத்தட் டாக்குமென்ட்லயே 8859-1-ன்னு எழுதிருக்கு. படிங்க.

தாழ்வாரம்: மாத்திட்டேன். இப்ப ஃபான்ட் ஃபார்மேட் எக்ஸப்ஷன் வருது! ஜாருக்குள்ள டிடிஎஃப் (ஃபான்ட் ஃபைல்) இருக்கு, பார்த்துட்டேன்.

அரைப்புள்ளி: பாம்ல (மேவனோட செட்டிங் ஃபைல்) ரிசோர்ஸுக்கு ஃபில்டரிங் (ஃபைலுக்குள்ள இருக்கற வேரியபிளுக்கு மதிப்பு போடறது) ட்ரூ இருக்கா? ஜார் கமாண்டுக்கு டிவிஎஃப் ஆப்ஷன் குடுத்து டிடிஎஃப் சைஸைப் பாருங்க. ஒரிஜினலை விடப் பெருசா இருந்தா மேவன் அதை டெக்ஸ்ட்டா நினைச்சுப் படிச்சு எழுதிருக்கு. செல்லாத பைட் ஒவ்வொண்ணும் மூணு பைட் மாற்றுக்குறியா மாறிடும். ஜேபெக், பிஎன்ஜி மாதிரி படங்களை அந்த ப்ளகின் தானா விட்டுடும், டிடிஎஃப்பை விடாது. நான்-ஃபில்டர்டு எக்ஸ்டென்ஷன் லிஸ்ட்ல டிடிஎஃப் சேருங்க. இல்லன்னா ரெண்டு ரிசோர்ஸ் பிளாக்: மதிப்பு போட வேண்டிய வெர்ஷன் ஃபைல் மட்டும் ஃபில்டரிங்கோட, மத்ததெல்லாம் இல்லாம. ரெண்டாவதுல அந்த வெர்ஷன் ஃபைலை எக்ஸ்க்ளூட் பண்ண மறக்காதீங்க. நான் ரெண்டு பிளாக்தான் வைப்பேன். லிஸ்ட் வச்சா நாளைக்கு ஓடிஎஃப் ஃபான்ட் சேர்க்கும்போது மறுபடி இதே கதை. மாத்தினதும் கிளீன் பண்ணி பில்ட் பண்ணுங்க.

தாழ்வாரம்: சைஸ் பெருசாத்தான் இருந்துச்சு. இப்ப வருது. நன்றி.

கீழ்க்கோடு: எனக்கும் இதேதான், ஆனா கிரேடில். லிஸ்ட்டை எங்க போடறது?

அரைப்புள்ளி: கிரேடில் தானா ஃபில்டர் பண்ணாது. பில்ட் ஸ்கிரிப்ட்ல எக்ஸ்பேண்ட் (அதே மதிப்பு போடற வேலை) யாரோ போட்டிருக்காங்க. அதை ஃபைல்ஸ்-மேட்சிங்குக்குள்ள அடைச்சு ப்ராப்பர்ட்டீஸுக்கு மட்டும் வைங்க.